காதோரம் ஏலம் போடும் கியோஜா!

சாவ் ஃப்ரெண்ட்ஸ்!

பதறாதீங்க பாஸ், சாபம் எல்லாம் விடலை. இத்தாலியில 'ஹாய்'க்கும் 'பை'க்கும் ஒரே வார்த்தைதான், 'சாவ்'. அது பிறந்ததே நான் இப்போ சுத்திக்கிட்டிருக்கிற வெனிஸ் வட்டாரப் பேச்சுலதான். 'நான் உங்கள் அடிமை'னு பணிவா சொன்னது தேய்ஞ்சு தேய்ஞ்சு 'சாவ்' ஆயிடுச்சு. வாட்டர் பாட்டில் கடன் கேட்கும்போதுகூட நம்ம ஹாஸ்டல்ல இவ்வளவு பணிவு கிடையாது!

இந்தப் பக்கத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல பதுவா யூனிவர்சிட்டி, சனிக்கிழமை ஆனா ஏதாவது ஒரு பஸ். அவ்வளவுதான் நம்ம பயோடேட்டா.

சரி, ஒரு கேள்வி. இத்தாலியில தெருவுக்குப் பதிலா கால்வாய் ஓடுற ஊர் எது? தூக்கத்துல தட்டி எழுப்பிக் கேட்டாலும் வெனிஸ்னு சொல்லிடுவீங்க. சூப்பர். ரெண்டாவதா ஒண்ணு சொல்லுங்க? ம்ம்ம்... சத்தத்தையே காணோமே!

அந்த ரெண்டாவதுக்குத்தான் இந்த வாரம் போறோம். ஊர் பேரு கியோஜா. போர்டுல எழுதியிருக்கிற எழுத்தை இங்கிலீஷ் மாதிரி கூட்டிப் படிச்சா 'சியோகியா'னு வரும். அப்படிச் சொல்லி டிக்கெட் கேட்டா கவுன்டர்ல இருக்கிறவர் உங்களை ரொம்பப் பரிதாபமா பார்ப்பார்.

எங்கே இருக்கு? வெனிஸைச் சுத்தி ஒரு பெரிய காயல் இருக்கு. நம்ம பழவேற்காடு ஏரி மாதிரி, கடலை ஒட்டி உள்ளே தேங்கி நிக்கிற உப்புத் தண்ணீர். நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதுக்கு நடுவுல வெனிஸ், தெற்கு முனையில கியோஜா. பறவை பறக்கிற கணக்குல ரெண்டு ஊருக்கும் 25 கிலோமீட்டர்தான். ஆனா உலகமே அங்கே வந்து இறங்குது, இங்கே பஸ்ல பாதி சீட் காலி.

இறங்கினதும் ஊர் பிளானைப் பாருங்க. நடுவுல நீளமா ஒரு அகலத் தெரு, பேரு கோர்சோ தெல் போபோலோ. அதுக்குக் கூடவே நேரா ஓடுற கால்வாய், பேரு வேனா. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன சந்துகள் வரிசையா, செங்குத்தா பிரியுது. மேலே இருந்து பார்த்தா அப்படியே ஒரு மீன் முள்ளு! மீன் பிடிக்கிற ஊருக்கு மீன் முள்ளு ஷேப்லயே பிளான். நம்ம டவுன் பிளானிங் சார் பார்த்தா ஃபுல் மார்க் போடுவார். வெனிஸ்ல வழி தொலையறதே ஒரு சுற்றுலா ஐட்டம். இங்கே தொலையணும்னு நினைச்சாலும் முடியாது. எந்தச் சந்துல நுழைஞ்சாலும் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கோர்சோ.

சந்துல நடந்தீங்கன்னா ஒரு ஜன்னல்ல இருந்து எதிர் ஜன்னலுக்குக் கயிறு கட்டி துணி காயும். கீழே சைக்கிள்ல பாட்டி போவாங்க. கால்வாய்ல கட்டியிருக்கிற படகுல ஒருத்தர் உட்கார்ந்து வலை தைப்பார், இன்னொருத்தர் என்ஜினைப் பிரிச்சுப் போட்டு திட்டிக்கிட்டே இருப்பார். கண்டோலா கிடையாது, முகமூடிக் கடை கிடையாது. 'குட்டி வெனிஸ்'னு கைடு புத்தகங்கள் இதைச் செல்லமா கூப்பிடும். இந்த ஊர்க்காரங்க முன்னாடி மட்டும் அதைச் சொல்லிடாதீங்க!

இவங்களுக்கும் வெனிஸுக்கும் அப்படி ஒரு வாய்க்கா தகராறு. கோர்சோ முடியற இடத்துல வீகோனு ஒரு சதுக்கம். அங்கே ஒரு தூண், தூண் மேல வெனிஸ் குடியரசோட சின்னமான சிறகு வெச்ச சிங்கம். ஆனா சைஸ் ரொம்பப் பொடிசு. வெனிஸ்காரங்க அதைப் பார்த்து 'என்னடா, பூனையை உட்கார வெச்சிருக்கீங்க'னு கலாய்க்க, அந்தப் பேரு நூற்றாண்டுகளா ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் அதுக்குப் பேரு 'பூனை'தான். பக்கத்துலயே 1685-ல கட்டின வீகோ பாலம் இருக்கு, வெள்ளைக் கல்லுல செமயா இருக்கும். சாயங்காலம் அதுல நின்னு படகுகள் திரும்பறதைப் பாருங்க, போதும். மேல வர்ணிச்சா தமிழ் மிஸ் ஞாபகம் வருது.

பேரைப் பத்தி இன்னொரு மேட்டர். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு போஸ்கோலோ, தியோட்ஸோனு ரெண்டே ரெண்டு குடும்பப் பேருதானோனு சந்தேகம் வர்ற அளவுக்கு எங்கே பார்த்தாலும் அந்த ரெண்டும்தான். ஒரே கிளாஸ்ல அஞ்சு கார்த்திக் இருந்தா என்ன பண்ணுவோம்? 'நெட்டை கார்த்தி', 'பரோட்டா கார்த்தி'னு வெப்போம்ல... அதையேதான் இவங்களும் பண்றாங்க. ஒவ்வொரு கிளைக் குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பேரு. இதுல டாப் என்னன்னா, அந்தப் பட்டப்பேரு அரசாங்கப் பதிவேட்டுலயும் ஏறிடுது! உங்க ஹாஸ்டல் பேரு பாஸ்போர்ட்ல வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. (நான் யோசிச்சேன். வேணாம்.)

என் லேப்ல ஒரு கியோஜா பையன் இருக்கான். அவனுக்கும் ரெட்டைப் பேருதான். அவன் கூட வந்ததாலதான் எனக்கு இந்த ஊர் வெறும் போட்டோவா முடியலை.

முதல்ல அவன் கூட்டிட்டுப் போனது மீன் மார்க்கெட்டுக்கு. 1322-ல கட்டின தானியக் கிடங்கு ஒண்ணு கோர்சோவுல இருக்கு. அதுக்குப் பின்னாடி, வேனா கால்வாயை ஒட்டி, சிவப்புத் துணிப் பந்தலுக்குக் கீழே வரிசையா கடைகள். கணவாய், மத்தி, இறால், நாக்கு மாதிரி தட்டையா இருக்கிற மீன், பேரு தெரியாத நத்தை... பந்தலோட சிவப்பு வெளிச்சம் பட்டு எல்லாமே பளபளனு இருக்கு. நான் மொபைலைத் தூக்கினதும் கடைக்கார அம்மா கேட்டாங்களாம்: "என்ன கண்ணு, வாங்கப் போறியா, படம் பிடிக்கப் போறியா?" அவன் மொழிபெயர்த்துச் சொன்னதும் கால் கிலோ மத்தி வாங்கிட்டேன். காசிமேடா இருந்தாலும் கியோஜாவா இருந்தாலும் மீன் கடை அக்கா முன்னாடி நமக்கெல்லாம் வாய் வராது!

ஆனா ஊரோட உண்மையான அதிசயம் இந்தச் சில்லறைக் கடைகள் இல்லை. படகுகள் வந்து இறக்குற மொத்த மார்க்கெட்டுலதான் இருக்கு. அங்கே மீனை ஏலம் விடற முறையைக் கேட்டா அசந்துடுவீங்க. ஏலம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? 'நூறு... நூத்தம்பது... இருநூறு ஒரு தரம்!'னு காது கிழியற சத்தம். இங்கே சத்தமே கிடையாது. வாங்க வர்ற வியாபாரி ஏலம் விடறவர்கிட்ட போய், அவர் காதுல ரகசியமா தன் விலையைச் சொல்லிட்டு நகர்ந்துடுவார். அடுத்தவரும் அதே மாதிரி காதுல. எல்லாரும் சொல்லி முடிச்சதும் யார் அதிகமா சொன்னாங்களோ அவருக்கு மீன். மத்தவங்க என்ன விலை சொன்னாங்கனு யாருக்கும் தெரியாது!

நம்ம எகனாமிக்ஸ் எலெக்டிவ்ல 'மூடின கவர் ஏலம்'னு படிச்சிருப்பீங்களே, அதேதான். கவர் மட்டும் இல்லை, காது இருக்கு. இதுல உள்ள சூட்சுமத்தைப் பாருங்க. கத்திச் சொல்ற ஏலத்துல அடுத்தவன் எவ்வளவு வரைக்கும் போறான்னு பார்த்து அதுக்கு மேல கொஞ்சமா ஏத்தினா போதும். காதுல சொல்ற ஏலத்துல அது முடியாது. அதிகமா சொன்னா கைக்காசு போச்சு, கம்மியா சொன்னா மீன் போச்சு. அதனால அந்த மீன் தனக்கு எவ்வளவு பெறும்னு ஒவ்வொருத்தரும் தனியா கணக்குப் போட்டே ஆகணும். நாலு பெரிய வியாபாரி சேர்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தே விலையை அமுக்குறதும் அவ்வளவு சுலபம் இல்லை. ஏலம் விடறவர் மேல நம்பிக்கை மட்டும் போச்சுன்னா மொத்த சிஸ்டமும் காலி. அவர் காதுல விழுந்தது அவர் காதோட நிக்கணும். சாஃப்ட்வேர் வந்த இந்தக் காலத்துலயும் இதை விடாம வெச்சிருக்காங்கன்னா, ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனாலதான்னு எனக்குத் தோணுது.

இவ்வளவு மெதுவா பேசி வியாபாரம் பண்றவங்க சண்டை போட்டா மட்டும் ஊரே கேட்கும். நான் சொல்லலை, கார்லோ கோல்டோனி சொல்றார். இத்தாலிய நாடகத்துல பெரிய பேரு. அவரு 21 வயசுல, 1728-ல, கியோஜா கிரிமினல் கோர்ட் ஆபீஸ்ல உதவியாளரா வேலை பார்த்தார். நம்ம பாஷையில இன்டெர்ன்! தெருச் சண்டை, அடிதடி, புகார்னு தினமும் எழுதி எழுதி, அதையெல்லாம் மனசுல வெச்சிருந்து 1762-ல ஒரு காமெடி நாடகம் போட்டார். 'கியோஜாச் சண்டைகள்'னு அர்த்தம் வர்ற தலைப்பு. ஆம்பளைங்க கடலுக்குப் போயிருக்காங்க, பொம்பளைங்க தெருவுல உட்கார்ந்து லேஸ் பின்னிக்கிட்டிருக்காங்க. ஒரு பையன் ஒரு பொண்ணுக்கு சுட்ட பரங்கிக்காய்த் துண்டு ஒண்ணு வாங்கிக் கொடுக்கிறான். அவ்வளவுதான், ரெண்டு குடும்பமும் கல்லைத் தூக்கிடுது! கோர்ட் குமாஸ்தா ஒருத்தர் வந்து சமாதானம் பண்றார், அது கோல்டோனியேதான். ராஜா, பிரபுனு மேடையில அலங்காரமா நின்ன காலத்துல, மீனவங்களை அவங்க பேச்சு மொழியிலயே பேசவிட்டு நாடகம் போட்டது பெரிய விஷயம். 1786-ல ஜெர்மன் கவிஞர் கதே வெனிஸ்ல இதைப் பார்த்து அசந்து போய் எழுதி வெச்சிருக்கார்.

இன்டெர்னா இருக்கிறவங்க குறிப்பு எடுக்கணும்கிறதுக்கு இதுக்கு மேல ஒரு ஆதாரம் வேணுமா என்ன!

அடுத்தது மெக்கானிக்கல் பசங்களுக்கு. சிவில் படிக்கிறவங்க வேணும்னா டீ குடிச்சுட்டு வாங்க. சுமார் 1330-ல இந்த ஊர்ல பிறந்தவர் ஜொவான்னி தோந்தி. அப்பா இங்கே நகராட்சி டாக்டர், பையனும் டாக்டர். ஆனா பையனுக்குக் கிறுக்கு வேற இடத்துல. 16 வருஷம் உழைச்சு 1364-ல ஒரு கடிகாரத்தை முடிச்சார். நேரம் மட்டும் இல்லை. சூரியன், சந்திரன், அப்போ தெரிஞ்ச 5 கோள்கள் எல்லாம் இப்போ வானத்துல எங்கே இருக்குனு ஏழு பக்கம் ஏழு முகத்துல காட்டும். 107 நகரும் பாகங்கள், எல்லாம் கையால செஞ்சது. மாடலிங் சாஃப்ட்வேர் கிடையாது, அன்டூ பட்டன் கிடையாது! அசல் தொலைஞ்சு போச்சு. ஆனா மனுஷன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை பல்லுனு வரைக்கும் எழுதி வெச்சுட்டுப் போனதால, 20-ஆம் நூற்றாண்டுல அதைப் பார்த்து மறுபடி செஞ்சாங்க. மிலான் அறிவியல் மியூசியத்துல ஒண்ணு இருக்கு. லேப் ரெக்கார்டு எழுதச் சொன்னா முனகுறோமே, அது எதுக்குனு இப்போ தெரியுதா?

கியோஜாவுல சாந்த் ஆந்திரேயா தேவாலயத்து கோபுரத்துல ஒரு கடிகாரம் இருக்கு. 1386-லயே அது இருந்ததா ஆவணம் சொல்லுது. இங்கிலாந்துல சாலிஸ்பரிகாரங்களும் தங்க கடிகாரத்துக்கு அதே 1386-னு சொல்றாங்க. உலகத்துலயே ஓடுற பழைய கடிகாரம் எதுன்னு ரெண்டு ஊருக்கும் சீனியாரிட்டி சண்டை. கோபுரத்துக்குள்ள மாடி மாடியா ஏறி அந்த இரும்புச் சக்கரங்களைக் கிட்டத்துல பார்க்கலாம்.

டீ குடிக்கப் போனவங்க வந்தாச்சா? இப்போ நம்ம ஏரியா. தண்ணி!

1379 ஆகஸ்ட்ல வெனிஸோட பரம எதிரி ஜெனோவா, கியோஜாவைப் பிடிச்சுடுச்சு. (நான் படிக்கிற பதுவா அப்போ எதிரி டீம்ல இருந்தது. லேப் பையன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறான்!) வெனிஸ் கதை முடிஞ்சதுனு எல்லாரும் நினைச்ச நேரத்துல, எழுபது வயசைத் தாண்டின வெனிஸ் தலைவர் ஆந்திரேயா கொந்தாரினி தானே கப்பல் ஏறி வந்தார். டிசம்பர்ல அவங்க பண்ணது ஒரு சிவில் இன்ஜினீயரிங் வேலை. பழைய கப்பல்கள்ல கல்லை நிரப்பி, கடலும் காயலும் சேர்ற வாய்க்கால்கள்ல மூழ்கடிச்சு அடைச்சுட்டாங்க. உள்ளே பிடிச்சு வெச்சிருந்தவங்க உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க. 1380 ஜனவரி 1-ஆம் தேதி கார்லோ ஜேனோவோட கப்பல் படையும் கிழக்குல இருந்து வந்து சேர, ஜூன்ல ஜெனோவா சரணடைஞ்சது. வெனிஸ் ஜெயிச்சது. கியோஜா? நடுவுல மாட்டி நொறுங்கிப் போச்சு. ஊர்க்காரங்களுக்கு வெனிஸ் மேல ஏன் கடுப்புனு இப்போ புரியும்.

600 வருஷம் கழிச்சு அதே வாயை மறுபடி அடைச்சிருக்காங்க. இந்தத் தடவை எதிரி கடல். 2019 நவம்பர் 12-ல வெனிஸ்ல தண்ணி 187 சென்டிமீட்டர் ஏறினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. 1966-ல 194 வந்ததுக்கு அப்புறம் அதுதான் அதிகம். அதைத் தடுக்கக் கட்டினதுதான் 'மோசே' திட்டம். காயலுக்குக் கடலோட மூணு வாசல். மூணுலயும் சேர்த்து 78 இரும்புக் கதவுகள், அதுல 18 கியோஜா வாசல்ல. ஒவ்வொண்ணும் 20 மீட்டர் அகலம். சாதாரண நாள்ல உள்ளே தண்ணி நிரம்பி, கடலுக்கு அடியில படுத்துக் கிடக்கும். வெள்ளம் வரும்னு தெரிஞ்சா உள்ளே காற்றை அழுத்தி அனுப்புவாங்க. தண்ணி வெளியேற, கதவு லேசாகி, தானா மிதந்து எழுந்து நிக்கும். மோட்டார் வெச்சுத் தூக்குறது இல்லை, ஆர்க்கிமிடீஸ் தூக்குறார்! 2020 அக்டோபர் 3-ல முதல் தடவையா நிஜ வெள்ளத்தைத் தடுத்தது. நடுவுல செலவு பல நூறு கோடி யூரோவா எகிறி, 2014-ல லஞ்ச வழக்குல பெரிய கைதுகள் நடந்து... அந்தக் கதை நமக்குப் புதுசா என்ன?

கியோஜா பெரிய கதவுக்காகக் காத்திருக்கலை. அதுக்கு முன்னாடியே வேனா கால்வாயோட ரெண்டு முனையிலயும் சின்னக் கதவுகள் போட்டு ஊரோட நடுப்பகுதியைக் காப்பாத்திக்கிட்டது. 'குட்டி மோசே'னு பேரு. எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை அதிகமா இருந்துச்சு, பெரியதைவிட.

சரி, கதவை மூடினா மீன்பிடிப் படகு எப்படி உள்ளே வரும்? இதைக் கேட்டீங்கன்னா நீங்க நல்ல இன்ஜினீயர். கியோஜா வாசல்ல படகுகளுக்காகத் தனியா ஒரு ஒதுங்குதுறையும் ரெட்டை லாக்கும் கட்டியிருக்காங்க. முன் கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு, அதை மூடி, தண்ணி மட்டத்தைச் சமப்படுத்தி, பின் கதவைத் திறக்கிறது. இருந்தாலும் கதவு மூடற ஒவ்வொரு தடவையும் காயலுக்கும் கடலுக்கும் நடுவுல தண்ணிப் போக்குவரத்து நிக்குது. கடல் மட்டம் ஏற ஏற அடிக்கடி மூட வேண்டி வரும். மூடியே வெச்சா காயல் என்ன ஆகும்? இது என் புரொஃபசர்கள் மண்டையைப் பிச்சுக்கிற கேள்வி, இந்தப் பக்கத்துல தீராது.

ஆனா லேப் பையனோட அப்பாவை வீழ்த்தினது கடல் மட்டம் இல்லை. ஒரு நண்டு.

அவர் மட்டி வளர்க்கிறவர். காயல்லயும் பக்கத்துல போ நதி முகத்துவாரத்துலயும் சேத்துல பொடி மட்டியை விதைச்சு, அது பெருசாகற வரைக்கும் காத்திருந்து அறுவடை பண்றாங்க. நெல்லு மாதிரிதான், என்ன, தண்ணிக்கு அடியில. இத்தாலிக்கு வர்ற டூரிஸ்ட் சப்புக்கொட்டிச் சாப்பிடற 'ஸ்பகெட்டி வோங்கொலே' இந்த மட்டிதான். 2023-ல நீல நண்டு கூட்டம் கூட்டமா வந்து மட்டி வயலையே மேஞ்சுட்டுப் போயிடுச்சு. அறுவடைக்கு நின்னதையும் தின்னுச்சு, அடுத்த வருஷத்துக்கு விதைச்சதையும் தின்னுச்சு. வலையை வேற அறுத்துடும்.

உடனே 'எங்க ராமநாதபுரம் பக்கம் நீலக்கால் நண்டுனு ஒண்ணு இருக்கே'னு கேட்பீங்க. இல்லை பாஸ், அது வேற இனம், இது வேற. ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஆனா நம்மது இந்தக் கடல் பக்கத்து ஆளு. அங்கே வந்திருக்கிறது அமெரிக்கா அட்லாண்டிக் கரையோட நண்டு. கப்பல்கள் எடை சமநிலைக்காக நிரப்பிக்கிட்டு வர்ற தண்ணியில ஒளிஞ்சு வந்ததுன்னு கணிப்பு. பல வருஷமா அங்கங்கே ஒண்ணு ரெண்டு இருந்தது, கடல் சூடாக ஆக, பெருகிடுச்சு. ஒரு பெட்டை நண்டு ஒரு தடவைக்கு 20 லட்சம் முட்டை வரைக்கும் போடும். பிடிச்சுத் தின்ன பெரிய எதிரியும் இல்லை. அதோட விஞ்ஞானப் பேருக்கு 'ருசியான அழகு நீச்சல்காரன்'னு அர்த்தம். வெச்சவர் மட்டி வளர்க்கிறவர் இல்லைனு மட்டும் தெரியுது.

அரசாங்கம் 2023-ல 29 லட்சம் யூரோ ஒதுக்கி 'பிடிங்க, பிடிங்க'னு சொன்னது. 'சாப்பிட்டே ஒழிச்சிடுவோம்'னு அமைச்சர்கள் நண்டோட போஸ் கொடுத்தாங்க. 2024-ல இதுக்குனே தனி கமிஷனரைப் போட்டாங்க. ஆனா மட்டிக்குக் கிடைக்கிற விலை வேற, நண்டுக்குக் கிடைக்கிற விலை வேற. வளர்த்த பயிரை விட்டுட்டு, பயிரைத் தின்ன எலியைப் பிடிச்சு வித்துப் பிழைனு விவசாயிகிட்ட சொன்ன மாதிரிதான்.

இதுல ஒரு வினோதம் இருக்கு. அந்த மட்டியும் உள்ளூர் இல்லை! பசிபிக் பக்கத்து இனம், 1983-ல மனுஷங்களே கொண்டுவந்து இந்தக் காயல்ல விட்டது. அது நல்லா பெருகி உள்ளூர் மட்டியை ஓரங்கட்டிடுச்சு. அதை வெச்சு ஒரு தலைமுறையே வீடு கட்டினாங்க. இப்போ இன்னொரு வெளியூர் ஆள் வந்து அதை ஓரங்கட்டுது. "அப்போ உங்க அப்பா யார் மேல கோபப்படுவார்?"னு அவன்கிட்ட கேட்டேன். "அப்பா இப்ப கோபப்படறதில்லை. விசைப்படகுல கூலிக்குப் போறார்"னு சொன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்னை இன்ஜினீயரிங் சேர்த்ததுக்கு மட்டும் சந்தோஷப்படறார்"னான். நம்ம கிளாஸ்லயும் இதே வசனத்தைச் சொல்ற மீனவர் வீட்டுப் பசங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, வெனிஸுக்கு என்ன ஆச்சுனு பாருங்க. 1951-ல தீவுல ஒண்ணேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்தாங்க. 2022-ல அது 50,000-க்குக் கீழே இறங்கிடுச்சு. வீடெல்லாம் லாட்ஜ், மளிகைக் கடையெல்லாம் முகமூடிக் கடை. 2024-ல இருந்து கூட்டமான நாட்கள்ல, பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு நுழைவுக் கட்டணமே வசூலிக்கிறாங்க, மியூசியம் மாதிரி. கியோஜா இன்னும் அப்படி ஆகாம இருக்கறதுக்குக் காரணம் ஊர்க்காரங்களோட கொள்கை இல்லை, மீன். காலையில மூணு மணிக்கு எழுந்து போக ஒரு வேலை இருக்கிறதால வீட்டுல ஆள் இருக்காங்க. ஆள் இருக்கிறதால துணி காயுது, என்ஜின் ரிப்பேர் கடை இருக்கு, ஸ்கூல் இருக்கு. அந்த வேலை போச்சுன்னா, கால்வாய் ஓரத்து வீட்டை வாங்க வெளியூர்க்காரன் ரெடியா இருக்கான். 2021 ஆகஸ்ட்ல வெனிஸ் நடுவுல பெரிய சொகுசுக் கப்பல்கள் வரக் கூடாதுனு தடை போட்டதுக்கு அப்புறம் சில கப்பல்கள் கியோஜா துறைமுகத்துக்குத் திரும்பியிருக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு அது சந்தோஷம், மீதிப் பேருக்குப் பயம். எனக்கு? ரெண்டும்.

போறதா இருந்தா சில விஷயம். திங்கட்கிழமை போகாதீங்க, மீன் கடை லீவு. காலையிலயே போங்க, மதியத்துக்குள்ள கடையைக் கழுவி விட்டுடுவாங்க. 'போசோலா'னு வளையம் மாதிரி மொறுமொறு ரொட்டி விப்பாங்க, நாள்கணக்குல கெடாது, படகுக்காரங்க கடலுக்கு எடுத்துட்டுப் போறதுக்காகவே செஞ்சது. நாலு வாங்கி பேக்ல போட்டா ஹாஸ்டல் திரும்பற வரைக்கும் தாங்கும். சைவம்னா பயப்படாதீங்க. உள்ளே சிவப்பும் வெள்ளையுமா வட்டம் வட்டமா இருக்கிற கியோஜா பீட்ரூட்டும், ராடிக்கியோனு சிவப்பு முட்டைகோஸ் மாதிரி கசப்புக் கீரையும் இந்த ஊர்ப் பேர்லதான் உலகம் முழுக்க விக்குது.

வெனிஸ்ல இருந்து வர்றவங்க ஒரு மணி நேர பஸ்ஸை விட்டுட்டு, நேரம் இருந்தா தீவு வழியா வாங்க. லீதோ தீவுல 11-ஆம் நம்பர் பஸ் ஏறுங்க. அந்த பஸ் அப்படியே படகுல ஏறி அடுத்த தீவான பெலெஸ்த்ரீனாவுக்குப் போகும், நீங்க சீட்டை விட்டு எழுந்திருக்கவே வேணாம். அங்கே ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். நடுவுல 18-ஆம் நூற்றாண்டுல கட்டின கல் சுவர், அலையைத் தடுக்க. தீவு முடியற இடத்துல பஸ்ஸை விட்டு இறங்கி இன்னொரு படகு. அது உங்களை நேரா வீகோ பாலத்துக்குப் பக்கத்துல, அந்தப் பூனை முன்னாடி இறக்கிவிடும்.

ஹோட்டல்ல உட்கார்ந்ததும் மெனுவுல வோங்கொலே விலையையும், அதுக்குக் கீழே நீல நண்டு ஸ்பகெட்டி விலையையும் பாருங்க. நான் நண்டைத்தான் ஆர்டர் பண்ணேன். லேப் பையன் தொடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் வேற பக்கம். சாவ்!